காருகுறிச்சியின் நீண்ட ராகப் பதிவுகள்: புதிதாகக் கேட்பவன் எங்கே தொடங்குவது?

ஓ.டி. நைட் ஷிஃப்ட் கேட்டது:

கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்ட் டவுனில், இருக்கிறேன். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. சங்கீதம் கற்றவன் இல்லை. சுருதி விலகினால் காது சொல்லிவிடும், ராகத்தின் பெயரை யாராவது சொன்னால் தலையாட்டுவேன். அந்த அளவுதான்.

நாகஸ்வர (நாயன) வித்வான் காருகுறிச்சி அருணாசலம் என்றால் எனக்கு இத்தனை காலமும் 'சிங்கார வேலனே தேவா' என்ற படப் பாட்டு மட்டும்தான். அம்மாவுக்கு அந்தப் பாட்டென்றால் உயிர். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டுப் பந்திக்கு முன் நாயனக்காரரிடம் ஆளனுப்பி அதை வாசிக்கச் சொல்லுவார். வாசித்து முடித்த பிறகு, "ம்ம், அவர் மாதிரி வராது" என்று ஒரு தீர்ப்பும் உண்டு. அந்த 'அவர்' யார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கம்பெனி வண்டியில் என்னோடு வரும் ஓர் அண்ணன் காருகுறிச்சி பைத்தியம். அவரும் இன்னும் கொஞ்சம் பேரும் பழைய பதிவுகளைத் தேடிப் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். பல ஊர்க்காரர்கள், பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது கூட இல்லையாம். என்னையும் சேர்த்துவிட்டார். உள்ளே போனால் அவர்கள் பேசுகிற மொழியே தனி. பதிவுகளுக்குத் தேதி, ஊர் எதுவும் கிடையாது. "நாய் குரைக்கிற கரகரப்ரியா" என்பார்கள். "குழந்தை அழுகிற ஷண்முகப்ரியா" என்பார்கள். எல்லோருக்கும் எது என்று புரிந்துவிடுகிறது.

எனக்குத்தான் பிடிபடவில்லை. ஒரு ராகம் முக்கால் மணி நேரம் போகிறது. பத்து நிமிடம் தாண்டியதும் எந்தத் தெருவில் நிற்கிறேன் என்றே தெரிவதில்லை. நாயனம் நன்றாக மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் தவில் இடிக்க ஆரம்பிக்கிறது, அதுவும் ஐந்து நிமிடம். சரி, இப்போதாவது பாட்டு வரும் என்று காத்திருந்தால் டப்பென்று பதிவு அறுந்துவிடுகிறது. ஒரே கரகரப்ரியாவுக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு கட்டையில் (சுருதியில்) ஒலிக்கின்றன. இயர்போனில் கேட்டால் மண்டையில் துளை போடுகிறது.

ஆனாலும் விட மனசில்லை. நடுநடுவே ஏதோ ஒரு பிடி, ராகத்தின் ஒரு சின்னச் சுரக்கோவை, வருகிறது பாருங்கள், அதற்காகவே திரும்பவும் போடுகிறேன். எதை முதலில் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்? "அனுபவிச்சுக் கேளு தம்பி" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள்.

லாஸ்பேட்டை பாட்டு டீச்சர்:

தம்பி, நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. 'சிங்கார வேலனே' உங்களுக்கு மனப்பாடம். அதிலிருந்தே போகலாம்.

அந்தப் பாட்டு ஆபேரி ராகம். ஆபேரியில் மேலே ஏறும்போது ச க ம ப நி ச, அதாவது ரி, த இரண்டையும் விட்டுவிட்டு ஏறுவார்கள். இறங்கும்போது ஏழு சுரமும் வரும். இன்று எல்லோரும் பாடுகிற ஆபேரியில் அந்த ஏழும் கரகரப்ரியாவின் ஏழுதான். ஆபேரியே 22ஆவது மேளமான (தாய் ராகமான) கரகரப்ரியாவில் பிறந்ததாகத்தான் கணக்கு. ஆகவே உங்களைப் பயமுறுத்துகிற அந்த நாய் குரைக்கிற கரகரப்ரியாவில் இறங்கும் வழி முழுக்க உங்கள் காதுக்கு ஏற்கெனவே பழக்கம். புதிதாக இருப்பது ஏறும் வழியும், ஒவ்வொரு சுரத்திலும் அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதும்தான்.

முதலில் படப் பாட்டையே மறுபடி கேளுங்கள், ஆனால் எஸ். ஜானகியை விட்டுவிட்டு நாயனத்தை மட்டும் பின்தொடருங்கள். எஸ்.எம். சுப்பையா நாயுடு அதை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருக்கிறார் என்று அப்போது தெரியும். குரல் முடிக்கிற இடத்தை நாயனம் பிடித்துக்கொள்ளும். கடைசியில் இரண்டும் சேர்ந்து சுரத்தில் ஓடும். அடுத்து யாராவது நல்ல பாடகர் பாடிய 'நகுமோமு', அதே ஆபேரி. அதன் பிறகு 'சக்கனி ராஜ' என்ற தியாகராஜர் கீர்த்தனை, இது கரகரப்ரியா, இதையும் வாய்ப்பாட்டாகவே கேளுங்கள். ஒரு வாரம் இந்த மூன்றும் போதும். அப்புறம் காருகுறிச்சியின் கரகரப்ரியாவை எடுங்கள். அவர் வாசித்த 'சக்கனி ராஜ'வும் ரசிகர்களிடம் சுற்றுகிறது. பாட்டு எங்கே போய்ச் சேரப் போகிறது என்று தெரிந்தவனுக்கு முக்கால் மணி நேர ராகம் அவ்வளவு நீளமாகத் தெரியாது.

வரிசையாக எல்லா ராகத்தையும் கேட்டு முடிக்கிற எண்ணம் வேண்டாம். இந்த ஒரு ராகத்திலேயே மழைக்காலம் வரை இருங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் ரசிகன்:

தில்லானா மோகனாம்பாள் படத்தில் அவர் வாசித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள் நண்பரே, புதியவர்களுக்கு அதுதான் சுலபம்.

லாஸ்பேட்டை பாட்டு டீச்சர்:

அது அவர் இல்லை. அந்தப் படம் வந்தது 1968இல். அருணாசலம் 1964 ஏப்ரலில் காலமாகிவிட்டார், நாற்பத்து மூன்று வயது நிறையவில்லை. படத்தில் சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதில் வருகிற 'நகுமோமு'வை இந்தத் தம்பி தாராளமாகக் கேட்கலாம், நல்ல வாசிப்பு.

வில்லியனூர் தவில்:

அண்ணா வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில். உங்கள் கேள்வியில் தவில் "இடிக்க ஆரம்பிக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன், கோபம் இல்லை.

வாய்ப்பாட்டுக் கச்சேரியில் ராகம் பாடும்போது மிருதங்கம் சும்மா இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு எங்கள் மேளம் விநோதமாகத்தான் தெரியும். பெரிய மேளத்தில், அதாவது நாயனமும் தவிலும் சேர்ந்த எங்கள் குழுவில், ராகத்துக்கு நடுநடுவே தவில் வாசிப்பது மரபு. நாயனம் ஒரு கட்டம் வரை ராகத்தைக் கொண்டுவந்து நிறுத்தும், தவில் எடுத்துக்கொள்ளும், முடித்ததும் நாயனம் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்து தொடரும். இதற்கு உடம்பு சம்பந்தமான காரணமும் உண்டு. சீவாளியை, அதாவது நாயனத்தின் முனையில் வைத்து ஊதுகிற துண்டை, உதட்டில் கவ்வி ராத்திரி முழுக்க ஊதுகிறவருக்கு வாய் ஓய வேண்டாமா? சீவாளி எச்சிலில் ஊறிப்போனால் மாற்ற வேண்டும், அதற்காகத்தான் நாயனத்தில் ஒரு கொத்துச் சீவாளி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சுவாமி புறப்பாடு என்றால் தெரு முனைக்குத் தெரு முனை நின்று நின்றுதான் போகும். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலமும் அப்படித்தான். ஒரு முனையில் ராகத்தை ஆரம்பித்தால் அடுத்த முனையில் தொடர்வார்கள். அப்படி வாசித்துப் பழகிய கலையை ஒரே மூச்சில் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டால் வழி தவறத்தான் செய்யும்.

இன்னொன்று. பதிவில் ஒரு நாயனம் மட்டும் கேட்பதாக நினைக்காதீர்கள். துணை நாயனம் ஒன்று இருக்கும். பெரியவர் மூச்சு எடுக்கிற இடத்தில் மற்றவர் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், சில சமயம் அதே பிடியைத் திருப்பி வாசிப்பார். அந்தக் கைமாறும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. அருணாசலம் அண்ணாச்சியே அப்படித் துணை நாயனமாக நின்று கற்றவர்தான். அவருடைய குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பது என்றால் சும்மாவா? பெரியவர் எப்போது எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாது, திரும்பின அதே நொடியில் நாமும் அங்கே இருக்க வேண்டும்.

நீங்கள் இருக்கிற ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் சுற்றுவட்டாரச் சுவாமிகள் எல்லாம் கடலுக்கு வரும். எங்கள் புதுச்சேரிப் பக்கம் வைத்திக்குப்பத்துக்கு மயிலம் முருகன் உட்படப் பல ஊர்ச் சுவாமிகள். பாடலீஸ்வரர் கோயிலில் வைகாசித் திருவிழா. போய் நில்லுங்கள். சுவாமி வாசலைத் தாண்டும்போது மல்லாரி வாசிப்பார்கள், கம்பீர நாட்டை ராகம், அதில் பாட்டு வரிகளே கிடையாது. பாட்டு எப்போது வரும் என்று காத்திருக்கும் பழக்கம் அங்கே நின்றால்தான் போகும். நாயனத்துக்கு நேர் எதிரில் நிற்காதீர்கள், இருபதடி தள்ளிப் பக்கவாட்டில் நில்லுங்கள். இப்போது பாதி ஊர்களில் செண்டையைக் கூப்பிட்டு நாயனத்தை மூழ்கடித்துவிடுகிறார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ராத்திரி போய்விடும், விடுங்கள்.

முத்தியால்பேட்டை ரேடியோ ரிப்பேர்:

தம்பி, சங்கீதம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் நாடாக்களைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்பூல், கேசட் இரண்டையும் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவது என் வேலை.

பதிவு ஏன் அறுகிறது? 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இடம். முக்கால் மணி நேர ராகம் அதில் ஏறாது. ஆகவே உன் கையில் இருப்பது கம்பெனித் தட்டு இல்லை. ஐம்பது, அறுபதுகளில் வசதியுள்ள ரசிகர்கள் ஸ்பூல் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போய்ப் பிடித்தது. நாய் குரைப்பதும் குழந்தை அழுவதும் அதனால்தான். பிறகு எண்பதுகளில் யாரோ அதைக் கேசட்டுக்கு மாற்றியிருப்பார். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். ராகம் நடுவில் இருக்கும்போது பக்கம் முடியும், திருப்பிப் போடுவதற்குள் அங்கே ஸ்பூலில் நாலு பிடி போய்விடும். போனது போனதுதான். உன்னிடம் இருக்கும் இரண்டு பிரதியிலும் அறுகிற இடம் வேறு வேறாக இருந்தால் சொல்லு, ஒட்டிப் பார்க்கலாம். அது பெரிய அதிர்ஷ்டம்.

கட்டை மாறுவது வேகத்தால். ஒவ்வொரு இயந்திரமும் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும், பிரதிக்குப் பிரதி அது சேர்ந்துகொண்டே போகும். சரியான வேகம் எது என்று பார்க்க ஒரு வழி உண்டு. நாயனம் நிற்கிற மௌனமான இடத்தில் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் இருக்கும், அது கரண்ட் இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டரில் அளந்தால் அது 53 என்று காட்டினால், நாடா வேகமாக ஓடிச் சுமார் அரைச்சுரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. அந்தக் காலத்து மின்சாரம் பிசகாமல் 50இல் நிற்காது. பிரதி எடுத்தவன் வீட்டு இரைச்சலும் மேலே சேர்ந்து இரண்டு இரைச்சலாக இருக்கும். ராஜரத்தினம் பிள்ளை வழியில் வந்தவர்கள் வாசித்தது நீளமான பாரி நாயனம், அதற்கு முன்னால் இருந்த திமிரி நாயனத்தைவிட நன்றாகத் தாழ்ந்த சுருதி. ஆகவே இரண்டு பிரதியில் கீச்சென்று கேட்பதைச் சந்தேகப்படு, கனமாக இருப்பதை வைத்துக்கொள்.

இயர்போனைத் தூக்கிப் போடு. வெளியில் ஊதுவதற்குச் செய்த வாத்தியத்தைக் காதுக்குள் திணித்தால் வலிக்கத்தான் செய்யும். போனின் சின்ன ஸ்பீக்கரும் ஆகாது, தவிலில் குச்சியால் அடிக்கிற தொப்பிப் பக்கம் அதில் கேட்கவே கேட்காது. ஒரு பழைய பெட்டி ஸ்பீக்கர் வாங்கி மாடியில் வைத்துவிட்டு நீ கீழே உட்கார்.

திருப்பாதிரிப்புலியூர் ரசிகன்:

படம் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். குருவைக் கேட்காமல் சிஷ்யரிடம் தொடங்கச் சொல்கிறீர்களே? ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்ட பிறகு அல்லவா மற்றதெல்லாம்?

லாஸ்பேட்டை பாட்டு டீச்சர்:

மரியாதைக்கு அந்த வரிசை சரி, கற்பதற்குச் சரியில்லை. தட்டில் வந்த அந்தத் தோடி ஒரு மலையைச் சில நிமிடத்தில் காட்டுகிற மாதிரி. தோடி தெரிந்தவர்கள் அதைக் கேட்டால் மெய்சிலிர்க்கும், தெரியாதவர் திகைத்து நிற்பார். தோடியின் கமகங்களே, அந்தச் சுர அசைவுகளே, புதுக் காதுக்குச் சிரமம். காருகுறிச்சியிடம் எனக்குப் பிடித்தது அவர் அவசரப்படாமல் ஒவ்வொரு படியிலும் உட்கார வைத்துக் கூட்டிப்போவது. வாசிப்பில் ஒரு குழைவு இருக்கும், பாடுகிற குரல் போல. அதை வித்வான்களில் சிலர் குறையாகச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன், குருவின் வீரியம் இல்லை என்று. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. குருவைப் போலவே ஊதியிருந்தால் இன்று அவரை யார் தனியாகத் தேடப் போகிறார்கள்?

ஓ.டி. நைட் ஷிஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா சொன்ன மூன்றையும் அதே வரிசையில் கேட்டேன். நேற்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு ஸ்பீக்கரை இரவல் வாங்கி மாடிப்படியில் வைத்து நாய் குரைக்கிற கரகரப்ரியாவைப் போட்டேன். கீழே கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டேன். உச்சிக்குப் போய் அங்கே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இறங்குகிறார் பாருங்கள், அந்த இறக்கத்தில் சட்டென்று தெரிந்த ஆள் முகம் தெரிந்த மாதிரி இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடா இது, சிங்கார வேலன் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார். ஆபேரி, கரகரப்ரியா எதுவும் அவருக்குத் தெரியாது.

வில்லியனூர் அண்ணா, தவில் வருகிற இடங்களில் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. துணை நாயனம் வாங்குகிற இடம் ஓரிரண்டு பிடிபட்டது, மற்றதெல்லாம் ஒருவரே வாசிப்பது போலத்தான் இருக்கிறது. ஒரு சந்தேகம், இந்த நாயனங்கள் இப்போது எங்கே செய்கிறார்கள்? பார்க்க முடியுமா?

ரிப்பேர் ஐயா, எங்கள் மாமா வீட்டுப் பரணில் ஒரு கேசட் கிடைத்தது. மேலே 'கா.கு. – கீரவாணி' என்று பேனாவில் எழுதியிருக்கிறது. பதிவு அனுப்பிக்கொள்கிற அந்த ரசிகர் வட்டத்தில் கேட்டேன், யாரிடமும் இல்லையாம், பரபரக்கிறார்கள். நாடா மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. டேப்பில் போட்டுப் பார்க்கலாமா?

வில்லியனூர் தவில்:

நரசிங்கம்பேட்டை. மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில். ஆச்சா மரத்தில் கடைவார்கள், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற நன்றாகக் காய்ந்த மரமாகத் தேடி வாங்குவார்கள். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாயனம் செய்து கொடுத்த ஊரும் அதுதான். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சீவாளிக்குப் பக்கத்திலேயே திருவாவடுதுறை. உங்களுக்கு ஓ.டி.யிலிருந்து ரயிலே இருக்கிறது, சிதம்பரம் வழியாக. பட்டறையில் வேலை நடக்கும்போது நின்று பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் மாதிரி விலை மட்டும் கேட்காதீர்கள்.

முத்தியால்பேட்டை ரேடியோ ரிப்பேர்:

போடாதே! வெள்ளையாக இருப்பது பூஞ்சை. கடலோர ஊரில் பரணில் கிடந்த கேசட் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அப்படியே ஓட்டினால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டும், நாடா உருளையில் சுற்றிக்கொண்டு அறுந்தாலும் அறுந்துவிடும். வேகமாக முன்னும் பின்னும் சுற்றிப் பார்க்கவும் கூடாது. வெயிலில் வைக்காதே, துணியால் துடைக்காதே. ஒரு தாள் கவரில் போட்டு, அரிசி டப்பாவுக்குள் எல்லாம் புதைக்காமல், உலர்ந்த இடத்தில் வை. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்து நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுக் கையால் மெல்லச் சுற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். என்னிடம் கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை என்றால் பதினொரு மணிக்கு மேல் வா, காலையில் நான் காந்தி வீதிச் சண்டே மார்க்கெட்டில் பழைய டெக் ஏதாவது கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருப்பேன். கரகரப்ரியாவின் இரண்டு பிரதியையும் பென் டிரைவில் போட்டு எடுத்து வா. வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, அது ஒலியைக் கசக்கிவிடும். மாமா வீட்டில் அந்தப் பரணில் வேறு கேசட் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வா. ஒன்று மட்டும் எழுதி வைக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.